ஐகான் ஏ5: வடிவமைப்புக்கு முழு மதிப்பெண், விற்ற விதத்துக்கு இல்லை

ஒரு சிறு விமானத்தை மதிப்பிடுபவர்கள் அதன் வேகம், எடை, எரிபொருள் செலவு, விலை ஆகியவற்றைச் சொல்லி முடித்துக்கொள்வதே வழக்கம். ஐகான் ஏ5 விஷயத்தில் அவ்வாறு முடித்துக்கொள்ள இயலாது. இருவர் மட்டுமே அமரக்கூடிய இந்த அமெரிக்க நீர்நில விமானம் 2017-ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு உயிர்ப்பலி விபத்துகளைச் சந்தித்தது. இரண்டும் மிகத் தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தபோது நேர்ந்தவை. இரண்டிலுமே புலனாய்வாளர்கள் இயந்திரக் கோளாறைக் காரணமாகக் கூறவில்லை. இயந்திரம் பழுதில்லை என்றால் விபத்துக்கு மதிப்பீட்டில் என்ன இடம் என்று கேட்கலாம். ஒரு பொருளை எதற்காகப் பயன்படுத்தலாம் என்று சொல்லி விற்கிறார்களோ, அந்தப் பயன்பாட்டையும் சேர்த்தே அதை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. ஏ5 விற்கப்பட்டது தண்ணீரை உரசிக்கொண்டு பறக்கும் இன்பத்துக்காக.

முதலில் பொருளைப் பார்ப்போம். 2004-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. இலகுரக விளையாட்டு விமானங்களுக்கென்று தனி விதிகளை உருவாக்கியது. பயிற்சி நேரம் குறைவு. மருத்துவச் சான்றிதழுக்குப் பதிலாகக் கார் ஓட்டுநர் உரிமமே போதும். இந்த வாசல் திறந்ததும் உள்ளே நுழைந்த நிறுவனங்களில் ஐகானும் ஒன்று. நிறுவனர்களில் ஒருவரான கர்க் ஹாக்கின்ஸ் அமெரிக்க விமானப்படையில் எஃப்-16 போர் விமானம் ஓட்டியவர். மாதிரி விமானம் 2008-இல் முதன்முறையாகப் பறந்தது. முதல் விமானம் கைமாறியது 2015-இல்தான். ஏழாண்டுக் காத்திருப்பு என்பது முன்பணம் கட்டியவர்களின் பொறுமையை நன்றாகவே சோதித்திருக்கும். தொடக்கத்தில் 1,39,000 டாலர் என்று பேசப்பட்ட விலை, எல்லா வசதிகளும் கொண்ட 2018 மாதிரிக்கு 3,89,000 டாலராக ஏறிவிட்டது.

கார்பன் இழைக் கலவையால் ஆன உடல், படகின் அடிப்பகுதியைப் போன்ற வயிறு, உள்ளிழுத்துக்கொள்ளும் சக்கரங்கள், இருக்கைகளுக்குப் பின்னால் 100 குதிரைத்திறன் கொண்ட ரோட்டாக்ஸ் எஞ்சின், அதற்கும் பின்னால் விமானத்தை முன்னோக்கித் தள்ளும் மூன்று அலகுப் புரொபெல்லர். இறக்கைகளை மடக்கி, விமானத்தை இழுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். பக்கவாட்டுக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுத் திறந்த ஜன்னலோடு பறக்கலாம். கருவிப் பலகையைப் பார்த்தால் விமானத்தினுடையது என்று தோன்றாது. நல்ல விளையாட்டுக் கார் ஒன்றின் முன்பலகையை நினைவூட்டும். வட்டக் கருவிகள் சில, அவற்றோடு கையடக்க வழிகாட்டித் திரை ஒன்று, அவ்வளவுதான். புதிதாகப் பறக்க வருபவரை மிரட்டும் எதுவும் கண்ணில் படாது. இவ்வளவு கச்சிதமாக உட்புறம் அமைந்த வேறொரு இருவர் விமானத்தை நான் அறியேன்.

அந்தப் பலகையின் உச்சியில், விமானியின் பார்வைக் கோட்டுக்கு நேராக, மற்றக் கருவிகளைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: தாக்குக்கோணங்காட்டி, அதாவது எதிர்வரும் காற்றை இறக்கை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று காட்டும் கருவி. பக்கவாட்டில் வெட்டிய இறக்கையின் படம் ஒன்று அதில் முள்ளாக நகரும். பச்சைப் பகுதியில் இருந்தால் இறக்கை நிம்மதியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மஞ்சளுக்கு வந்தால் எச்சரிக்கை. சிவப்பைத் தொட்டால் இறக்கையின் மேல் காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை சரியத் தொடங்கும், அதாவது ஸ்டால் நிலை. வேகமானியை மட்டும் நம்பிப் பறப்பவர் இதில்தான் ஏமாறுவார். நேராகப் பறக்கும்போது ஸ்டால் ஆகும் வேகம் ஒன்று; உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது இறக்கை இரு மடங்கு எடையைச் சுமப்பதால் அந்த வேகம் 41 விழுக்காடு உயர்ந்துவிடும். கோணத்தை நேரடியாகக் காட்டும் கருவிக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. போர் விமானங்களில் இது சாதாரணம். சிறு விமானங்களில் இதை இப்படி நடுநாயகமாக வைத்ததற்காக ஐகானைத் தாராளமாகப் பாராட்டலாம்.

ஸ்டால் ஆனாலும் விமானம் பம்பரமாகச் சுழன்று விழாதபடி இறக்கையே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சுழற்சித் தடுப்புக்காகத்தான் 2013-இல் எஃப்.ஏ.ஏ. இவ்விமானத்துக்கு எடை வரம்பில் விலக்கு அளித்தது. நீரில் இறங்கும் இலகுரக விமானத்துக்கு அன்று இருந்த 1,430 பவுண்டு வரம்பு, ஏ5-க்கு மட்டும் 1,680 வரை தளர்த்தப்பட்டது. உற்பத்திக்கு வந்த விமானத்தின் உச்ச எடை 1,510 பவுண்டு. விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட் அமைப்பும் உண்டு. விமானியின் தவறை மன்னிக்கும் விமானம் என்று சொல்வார்களே, அந்தச் சொல்லுக்கு முழுத் தகுதி இதற்கு உண்டு.

ஆனால் அந்த மன்னிப்புக்கு உயரம் வேண்டும். காற்றோட்டம் பிரிந்த இறக்கை மீண்டும் காற்றைப் பற்றிக்கொள்ள மூக்கைத் தாழ்த்த வேண்டும். மூக்கைத் தாழ்த்தினால் உயரம் குறையும். பாராசூட் விரிவதற்கும் கீழே வெற்றிடம் தேவை. சுழற்சி வராது என்பதற்காகத் தரை விலகி நிற்காது. ஆக, ஏ5-இன் பாதுகாப்பு அம்சங்கள் அனைத்தும் சில நூறு அடிக்கு மேலே பறப்பவருக்குத்தான் பயன்படும். அதன் விளம்பரப் படங்களில் மனத்தைப் பறிக்கும் காட்சிகளோ பெரும்பாலும் அந்த உயரத்துக்குக் கீழே எடுக்கப்பட்டவை. இந்த முரண்பாட்டைத்தான் 2017 வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

அந்த ஆண்டு மே 8 அன்று கலிஃபோர்னியாவின் பெரியெஸ்ஸா ஏரியில் முதல் விபத்து நேர்ந்தது. விமானத்தை ஓட்டியவர் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர்களில் ஒருவர். ஏ5-ஐ அவரளவுக்கு அறிந்தவர் உலகில் மிகச் சிலரே இருந்திருப்பர். ஏரியின் மேல் தாழ்வாகப் பறந்தவர், செங்குத்தான மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்குக்குள் தவறுதலாக நுழைந்துவிட்டார். ஏறி வெளியேற உயரமும் இல்லை, திரும்பி வர இடமும் இல்லை. அவரும் உடனிருந்த சக ஊழியரும் இறந்தனர். தாழ்வாகப் பறக்கும்போது நிலப்பரப்பிலிருந்து விலகியிருக்கத் தவறியதே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி. கூறியது. போதையோ மருந்தோ அங்கே காரணமாகப் பேசப்படவில்லை. தெளிந்த மனநிலையும், தேர்ந்த கையும், சுழற்சியைத் தடுக்கும் இறக்கையும் ஒன்றாக இருந்தும் அந்த உயரம் மன்னிக்கவில்லை என்பதை வாங்க நினைப்பவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் இதற்குப் பிறகு, அக்டோபரில், தாழ்வாகப் பறப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. திட்டமிட்டுச் செய்யும் வளைவு நெளிவுகளுக்கு 300 அடியை ஒரு கற்பனைத் தரையாகப் பாவிக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆவணம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. எனினும், ஆண்டுக்கணக்கில் படங்காட்டி வளர்த்த ஆசையைச் சில பக்க அறிவுரை தணித்துவிடும் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான்.

சில வாரங்களே சென்றன. நவம்பர் 7 அன்று ஃபுளோரிடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், மெக்சிகோ வளைகுடாவில், பேஸ்பால் உலகின் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் ராய் ஹாலடே தமது புத்தம் புதிய ஏ5-இல் தனியாகப் பறந்து இறந்தார். அவருக்கு வயது 40. விமானத்தைப் பெற்று ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கடல்மேல் தாழ்வாக ஏ5-ஐ ஓட்டுவது போர் விமானம் ஓட்டுவதைப் போன்றது என்று சமூக ஊடகத்தில் அவர் மகிழ்ந்து எழுதியிருந்தார். கற்றுக்குட்டியும் அல்லர், சுமார் 700 மணி நேரப் பறப்பு அனுபவம் உடையவர்.

விமானத்தின் கருவிகளிலிருந்து மீட்கப்பட்ட தரவு அன்றைய பதினேழு நிமிடப் பறப்பை அடி அடியாகச் சொல்கிறது. ஃபுளோரிடாவின் ஏரி ஒன்றிலிருந்து எழுந்து சுமார் 1,900 அடி வரை ஏறிய விமானம், கடற்கரையை நெருங்கும்போது 600 அடிக்கு இறங்கியது. கடல்மேல் திரும்பியதும் 36 அடி. கரையோர வீடுகளை 75 அடி இடைவெளியில் கடந்தது. பிறகு ஒரு முழு வட்டம், 100 அடி வரை ஏற்றம், மீண்டும் இறக்கம். ஒரு கட்டத்தில் அலைகளுக்கு மேல் வெறும் 11 அடி. இன்னொரு வட்டம், 358 அடி வரை ஏற்றம். முதற்கட்ட அறிக்கையில் உள்ள கடைசிப் பதிவில் உயரம் 200 அடி, வேகம் 87 நாட். நேரில் கண்ட ஒருவர், விமானம் மேலே ஏறித் திரும்பி, மூக்கு 45 டிகிரி கீழ்நோக்கிய நிலையில் நீரில் மோதியதாகச் சொன்னார். அது விழுந்து கிடந்த இடத்தில் தண்ணீரின் ஆழம் நாலரை அடி.

இந்த எண்களை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 87 நாட் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 45 மீட்டர். 200 அடியில் 45 டிகிரி சரிவில் விமானம் இறங்கத் தொடங்கினால் தண்ணீரைத் தொட இரண்டு நொடி ஆகும். 11 அடியில் மூக்கு 5 டிகிரி தாழ்ந்தாலே போதும், ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். தெளிவாக இருக்கும் மனிதருக்கே ஒன்றைக் கண்டு, உணர்ந்து, கையை அசைக்க அந்த நேரத்தின் பெரும்பகுதி செலவாகிவிடும்.

ஹாலடே அன்று தெளிவாக இல்லை. பிரேதப் பரிசோதனையில் கிளர்ச்சியூட்டும் ஆம்பெடமைன், வலிநீக்கியான மார்ஃபின், தூக்க மருந்தான சோல்பிடெம், மனச்சோர்வுக்கான மருந்து எனப் பல கண்டறியப்பட்டன; ஆம்பெடமைனின் அளவு சிகிச்சைக்குரிய அளவைவிடப் பன்மடங்கு. பல மருந்துகளால் ஏற்பட்ட திறன்குறைவின் காரணமாகத் தாழ்வான உயரத்தில் மூர்க்கமான அசைவுகளைச் செய்ய அவர் எடுத்த தவறான முடிவே விபத்துக்குக் காரணம் என்று என்.டி.எஸ்.பி. முடிவு செய்தது. அந்த முடிவின் வாக்கிய அமைப்பைக் கவனிக்க வேண்டும்: திறன்குறைவு அவருடைய கையைத் தளர்த்தியது என்பதல்ல, முடிவெடுக்கும் அறிவைக் கெடுத்தது என்பதே அழுத்தம் பெறுகிறது. கிளர்ச்சியூட்டும் மருந்து தன்னம்பிக்கையைப் பெருக்கும்; தூங்கவைக்கும் மருந்து எதிர்வினையை மந்தமாக்கும்; இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. இறந்தவரை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. வலியோடும் உறக்கமின்மையோடும் வாழ்பவர்கள் ஏராளம். அவர்களில் விமான உரிமம் வைத்திருப்பவர்களும் உண்டு.

விதிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்க விதிப்படி மது அருந்தி 8 மணி நேரம் கழியாமல் விமானத்தை இயக்கக் கூடாது. இரத்தத்தில் மதுவின் அளவு 0.04 விழுக்காட்டை எட்டக் கூடாது; பாதுகாப்புக்கு முரணாகத் திறனைப் பாதிக்கும் எந்த மருந்தும் ஆகாது. 0.04 என்பது பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் கார் ஓட்டுநருக்கு உள்ள வரம்பில் பாதி. பிரிட்டன் இன்னும் கடுமை: ஸ்காட்லாந்து நீங்கலாக, ஓட்டுநருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றால் விமானிக்கு 20 மட்டுமே. சோல்பிடெம் உட்கொண்டால் 24 மணி நேரம் பறக்க வேண்டாம் என்கிறது எஃப்.ஏ.ஏ. உயரத்துக்கும் விதி உண்டு. ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆளில்லாத திறந்த நீர்ப்பரப்பின்மேல் குறைந்தபட்ச உயரம் என்று எதுவும் இல்லை. மனிதர், படகு, வாகனம், கட்டடம் ஆகியவற்றிலிருந்து 500 அடி விலகியிருந்தால் போதும். ஆகவே வெறுங்கடல் மேல் 11 அடியில் பறப்பது அந்த விதியை மீறுவதாகாது. வீடுகளை 75 அடியில் கடப்பது மீறலாகும். ஏ5 போன்ற நீர்நில விமானத்துக்கு விதியில் உள்ள இந்த ஓட்டை ஒரு சலுகை. நிறுவனத்தின் வணிகமும் பெருமளவு இந்தச் சலுகையின்மேல்தான் நின்றது.

விதியைக் காப்பது யார் என்பது வேறு கேள்வி. விமான நிறுவன விமானிகளை முன்னறிவிப்பின்றிப் பரிசோதிக்கும் ஏற்பாடு உண்டு. தம் வீட்டு ஏரியிலிருந்து தாமே கிளம்பும் தனியாரைப் பரிசோதிக்க எவரும் இல்லை. என்.டி.எஸ்.பி. 1990 முதல் 2012 வரையிலான உயிர்ப்பலி விபத்துகளில் இறந்த விமானிகளை ஆராய்ந்தபோது, திறனைப் பாதிக்கக்கூடிய மருந்துகளில் அதிகம் தென்பட்டது எந்தப் போதைப்பொருளும் அல்ல, சளிக்கும் ஒவ்வாமைக்கும் மருந்துச்சீட்டே இல்லாமல் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின் என்ற தூக்கமூட்டும் மாத்திரை மருந்து. இதையெல்லாம் எந்தத் தாக்குக்கோணங்காட்டியும் காட்டாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று இறக்கையின் நிலையைச் சொல்லும் ஒரு கருவியை இவ்வளவு அக்கறையோடு வடிவமைத்தவர்கள், விமானியின் நிலையைப் பற்றி விற்பனையின்போது எவ்வளவு பேசினார்கள் என்பதே என் மனக்குறை.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 2016-இல் வெளியான இந்நிறுவனத்தின் விற்பனை ஒப்பந்தம் விமானத்தில் ஒலி, ஒளிப் பதிவுக் கருவி இருக்க வேண்டும் என்றது. விமானத்தின் ஆயுளை 30 ஆண்டு என்று வரையறுத்தது. வழக்கு தொடுக்கும் உரிமையை ஒடுக்கியது. பலத்த எதிர்ப்புக்குப் பின் அது திருத்தப்பட்டது. ஆயுள் வரம்பும் வழக்கு விலக்கும் வாங்குபவரின் தலையில் மிளகாய் அரைப்பவைதாம். ஆனால் பதிவுக்கருவியை எதிர்த்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு பறப்பின் உயரமும் கோணமும் பிறகு வேறொருவர் கண்ணில் படும் என்ற நினைப்பு, பரிசோதனை எதுவும் இல்லாத இடத்தில் ஓரளவாவது கடிவாளம் போடும். குறைந்தபட்சம் குடும்பத்தினர் பார்க்கலாம்.

இப்போது வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நிறுவனம் 2024 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கோரியது, அதே ஆண்டில் புதிய உரிமையாளர்களிடம் கைமாறியது. ஆகவே புதிய விமானத்தைவிடப் பழைய விமானமே கைக்கு எட்டும் வாய்ப்பு அதிகம். அப்படி வாங்கும்போது முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எந்தெந்த நிபந்தனைகள் விமானத்தோடு தொடர்ந்து வருகின்றன என்று வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். பாராசூட் எப்போது மறுபடி மடித்து அடைக்கப்பட வேண்டும் என்ற நாளையும், உப்புநீரில் எவ்வளவு இயக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். எடைக் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். சுமக்கும் திறன் ஏறத்தாழ 430 பவுண்டு. 20 கேலன் எரிபொருளே 120 பவுண்டு ஆகும். தலா 190 பவுண்டு எடையுள்ள இருவர் முழுத் தொட்டியோடு கிளம்ப முடியாது.

நான் ஐந்துக்கு மூன்றரை தருவேன். அமைதியான ஏரியில் இறங்கி, கரையோரம் நிறுத்தி, மதியம் கழித்துத் திரும்ப விரும்புபவருக்கு இதைவிட இனிய விமானம் அரிது. 500 அடிக்கு மேலேயே அந்த இன்பம் முழுமையாகக் கிடைக்கும். தாழ்வாகப் பறப்பதற்காகவே வாங்குபவர் பணத்தை வேறெதிலாவது போடட்டும். வலி, தூக்கம், மனநிலை ஆகியவற்றுக்கு அன்றாடம் மருந்து எடுப்பவர் முன்பணம் கட்டுவதற்கு முன்பே விமானப் போக்குவரத்து மருத்துவர் ஒருவரிடம் தம் மருந்துச்சீட்டுகள் அனைத்தையும் காட்டிக் கேட்பது நல்லது. கார் உரிமமே போதும் என்ற விதி அந்தச் சந்திப்பைக் கட்டாயமாக்கவில்லை என்பதால், விற்பனையாளரும் அதை நினைவூட்டப் போவதில்லை.